தோல் பதனிடுபவர் மகன் லூயி பாஸ்டர்



வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, நாலைந்து நாளாகியும் இறங்காவிட்டால் பெற்றவர்கள் மனம் படும் பாட்டை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு விழித்திருந்த தாய்மார் உங்களில் எத்தனையோ பேர். ஆனால் இன்று விடிந்ததும் மருத்துவரிடம் போகிறீர்கள். அவர் இரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்கிறார். இன்ன வியாதி, இன்ன மருந்து என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். அந்தத் தாள் கைக்கு வந்ததும் பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

அப்படி ஒரு தாளை எழுத முடியாத காலம் ஒன்று இருந்தது. வியாதி கெட்ட காற்றினால் வருகிறது என்றும், உடலுக்குள் தானாகவே பிறக்கிறது என்றும் பெரிய பெரிய வைத்தியர்களே நம்பியிருந்தார்கள். அந்த இருளில் விளக்கேற்றியவர்களில் முதன்மையானவர் பிரான்சு தேசத்து லூயி பாஸ்டர். அவர் வைத்தியர் அல்லர், இரசாயனம் படித்தவர். தாம் பெற்ற பிள்ளைகளைத் தொற்று வியாதிக்குப் பறிகொடுத்த தகப்பனும் ஆவார். அவருடைய வாழ்க்கையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம் வீட்டில் அறிந்து வைத்திருக்க வேண்டிய சில வியாதிகளைப் பற்றியும் நடுநடுவே சொல்லிக்கொண்டு போவேன். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

இளமை

லூயி 1822-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப் பக்கத்திலுள்ள டோல் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் நெப்போலியன் படையில் சார்ஜெண்டாக இருந்து பதக்கம் பெற்றவர். சண்டை முடிந்தபின் ஊர் திரும்பித் தோல் பதனிட்டுப் பிழைத்தார். சில வருஷங்களில் குடும்பம் ஆர்புவா என்ற சிற்றூருக்குக் குடியேறியது. ஆற்றோரத்து வீடு, வீட்டோடு சேர்ந்தே தொழில். தோல் ஷாப்பின் வாடையிலேயே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

லூயிக்கு ஒன்பது வயது நிரம்புவதற்குச் சற்று முன், 1831-ம் ஆண்டில், வெறி பிடித்த ஓநாய் ஒன்று மலையிலிருந்து இறங்கி அந்தப் பக்கத்து ஊர்களில் பலரைக் கடித்துக் குதறியது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் புண்ணைச் சுட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் வைத்தியம். அப்படிச் சுட்டும் பலர் நீர்வெறுப்புக் கண்டு இறந்தார்கள். அந்தக் கதறலும், ஊரைப் பிடித்த பயமும் சிறுவன் மனத்தை விட்டு நீங்கவே இல்லை. அதன் பலனைப் பின்னால் காண்பீர்கள்.

பள்ளியில் லூயி மகா கெட்டிக்காரப் பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை. நிதானமானவர், ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள்ளாமல் வாய் திறக்கமாட்டார். படம் வரைவதில் ஆசை. வீட்டாரையும் அயலாரையும் வண்ணத்தில் அழகாக வரைவார். பதினாறு வயது முடியுமுன் பாரீசுக்குப் படிக்க அனுப்பினார்கள். வீட்டு ஏக்கம் தாங்காமல் மெலிந்துபோனார். தகப்பனாரே நேரில் போய்த் திரும்ப அழைத்துக்கொண்டு வந்தார். 1842-ம் ஆண்டு விஞ்ஞானப் பரீட்சையில் தேறியபோது, இரசாயனத்தில் சுமார் என்றே அவருக்கு மதிப்பெண் விழுந்தது. பரீட்சைத் தாளைப் பார்த்துப் பிள்ளைகளைக் கரித்துக்கொட்டும் தகப்பன்மார் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பையன்தான் அடுத்த ஆண்டு பாரீசிலுள்ள நார்மல் கல்லூரியில் சேர்ந்து, இருபத்தைந்தாவது வயதில், கண்ணாடிபோன்ற சின்னஞ்சிறு பளிங்குத் துணுக்குகளை ஆராய்ந்து உலகத்து இரசாயன அறிஞர்களை வியக்க வைத்தான்.

1849-ம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க் நகரில் ஆசிரியராக இருந்தபோது மரி லோரான் என்ற பெண்ணை மணந்தார். அந்த அம்மாள் கணவருக்கு வீட்டுத் துணையாக மட்டும் இருக்கவில்லை. மாலைதோறும் அவர் சொல்லச் சொல்ல எழுதி, அவருடைய ஆராய்ச்சிக் குறிப்புகளைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் வளர்ந்து பெரியவர்களானது இருவர் மட்டுமே.

சாராயத் தொட்டியில் கண்டது

1854-ம் ஆண்டு லீல் என்ற தொழில் நகரத்துக்கு மாற்றலானார். அங்கே பீட்கிழங்கிலிருந்து சாராயம் காய்ச்சுகிறவர் ஒருவர், தொட்டிகளில் சரக்கு புளித்துக் கெட்டுப்போகிறதே என்று முறையிட்டுக்கொண்டு வந்தார். பாஸ்டர் தொட்டித் தொட்டியாகப் போய், துளித்துளியாக எடுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்டு அணுக்கள் இருந்தன. கெட்ட தொட்டியில் அவற்றைவிட மிகச் சிறியனவாய், குச்சிபோன்ற வேறு உயிர்கள் நெளிந்தன. ஒரு வகை உயிர் சாராயத்தை உண்டாக்குகிறது, வேறு வகை உயிர் புளிப்பை உண்டாக்குகிறது என்று தெரிந்துகொண்டார்.

நம் வீட்டில் தாய்மார் உறை மோர் ஊற்றிப் பாலைத் தயிராக்குகிறார்களே, அதுவும் இதே காரியந்தான். உறை மோரில் உயிருள்ள நுண்கிருமி இருக்கிறது. அது பெருகிப் பாலைத் தயிராக்குகிறது. கிருமிகளில் நமக்கு உதவுகிறவை உண்டு, கேடு செய்கிறவையும் உண்டு. இங்கேதான் பாஸ்டருக்கு ஒரு பெரிய எண்ணம் பிறந்தது. சாராயத்துக்கும் பாலுக்கும் இப்படி நேருமானால், மனித உடலிலும் ஒவ்வொரு வியாதிக்கும் ஒவ்வொரு கிருமி காரணமாக இருக்கலாமல்லவா?

பின்னாளில் திராட்சை இரசம் கெடாமல் இருக்க, அதை 50 அல்லது 60 டிகிரி வரை இளஞ்சூடாக்கினால் போதும் என்று கண்டுபிடித்தார். இன்று பால் பாக்கெட்டில் பாஸ்சரைஸ் செய்தது என்று அச்சடித்திருக்கிறதே, அது அவர் பெயர்தான். பாலை 72 டிகிரியில் 15 வினாடி வைத்து, உடனே குளிரவிடுவது இப்போது வழக்கத்திலுள்ள முறைகளில் ஒன்று.

மூத்த மகளைக் கொண்டுபோன காய்ச்சல்

1859-ம் ஆண்டு செப்டம்பரில் மூத்த மகள் ஷான் ஆர்புவாவில் தாத்தா வீட்டில் இருந்தாள். வயது ஒன்பது. அங்கே அவளுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். நுண்ணுயிர்களைப் பற்றி அன்று உலகத்தில் எவரைக் காட்டிலும் அதிகம் அறிந்திருந்தவர் அவள் தகப்பன். ஆனால் தன் பிள்ளையைக் கொன்றது எது என்று அவருக்குத் தெரியாது. டைபாய்டுக் கிருமியை ஏபர்ட் என்ற ஜெர்மானியர் கண்டது 1880-ம் ஆண்டில், இருபத்தோரு வருஷம் கழித்து.

இந்த வியாதியை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்; நம் தேசத்தில் இன்னும் அது ஒழியவில்லை. டைபாய்டுக் கிருமி நோயாளியின் மலத்தோடு வெளியே வருகிறது. கழிவுநீர் குடிநீரில் கலந்தாலும், ஈ மொய்த்தாலும், கழுவாத கையால் சமைத்தாலும் அது அடுத்தவர் வயிற்றுக்குள் போய்ச் சேரும். பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். பிறகு காய்ச்சல் படிப்படியாக ஏறும். இன்று இருந்ததைவிட நாளைக்குக் கூடுதலாக இருக்கும். தலைவலி, உடல் சோர்வு, பசியின்மை, வயிற்றுவலி கூடவே வரும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு. கவனியாமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடல் புண்ணாகி இரத்தம் கசியலாம். குடலே ஓட்டை விழலாம். அதுதான் உயிருக்கு ஆபத்து.

ஆகையால் மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். இரத்தம் சோதித்து, மருத்துவர் சொன்ன மருந்தைச் சொன்ன நாள்வரை கொடுங்கள். காய்ச்சல் விட்டதும் பாதியில் மருந்தை நிறுத்தினால் வியாதி திரும்பும். மருந்துக்கு அடங்காத கிருமியும் வளர்ந்துவிடும். சுகமான சிலர் தங்களை அறியாமலே நெடுநாள் கிருமியைச் சுமந்து பிறருக்குப் பரப்புவதும் உண்டு. கக்கூசுக்குப் போய்வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது எவ்வளவு பெரிய தருமம் என்று இதிலிருந்து தெரியவில்லையா?

அன்னப்பறவைக் கழுத்துக் குப்பி

மகளை அடக்கம் செய்த பாஸ்டர் மறுபடியும் சோதனைச் சாலைக்குள் போனார். கிருமிகள் அழுக்கிலிருந்து தாமாகவே பிறக்கின்றன என்று வாதிட்ட அறிஞர்கள் அன்று பலர். அது உண்மையானால் தொற்றைத் தடுக்க வழியே இல்லை. பாஸ்டர் ஒரு கண்ணாடிக் குப்பியில் சாறு ஊற்றி, குப்பியின் கழுத்தை அன்னப்பறவையின் கழுத்தைப்போல நீட்டி வளைத்து, சாற்றைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே போகலாம். ஆனால் தூசி வளைவிலேயே தங்கிவிடும். சாறு கெடவே இல்லை. குப்பியைச் சாய்த்து, சாறு அந்தத் தூசியைத் தொட்டுவிட்டு உள்ளே திரும்பும்படி செய்தால் சில நாளில் கெட்டுப்போயிற்று.

1860-ம் ஆண்டு மூடி முத்திரையிட்ட குப்பிகளைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றுக்கு ஏறினார். அங்கே 20 குப்பிகளைத் திறந்து மூடினார். ஒன்றே ஒன்றுதான் கெட்டது. ஆர்புவாவுக்கு அருகே கீழே நாட்டுப்புறத்தில் திறந்த 20 குப்பிகளில் எட்டுக் கெட்டன. கிருமி தானாகப் பிறப்பதில்லை. தூசியோடும் அழுக்கோடும் ஓரிடத்திலிருந்து வந்து சேர்கிறது என்று இதனால் விளங்கிற்று. வருகிற வழி தெரிந்தால் வழியை அடைக்கலாம். உங்கள் வீட்டுக் குடத்துக்கு மூடி போடுகிறீர்களே, அதற்கு ஆதாரம் இந்தக் குப்பிகள்தான்.

அடிமேல் அடி

1865-ம் ஆண்டு அரசாங்கம் அவரைத் தெற்கே அலேஸ் என்ற ஊருக்கு அனுப்பியது. பட்டுப்புழுக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பிழந்து நின்றன. பட்டுப்புழுவை அவர் அதற்குமுன் கையால் தொட்டதுகூட இல்லை. போன சில நாளில் தகப்பனார் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு வயதுக் கடைக்குட்டி கமீய் நோயுற்று இறந்தாள். அடுத்த ஆண்டு மே மாதத்தில் பன்னிரண்டு வயதுச் செசீல் இறந்தாள். அவளையும் கொண்டுபோனது டைபாய்டுதான். ஒரே வியாதி ஒரு வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. மூவரையும் ஆர்புவாவில் அடக்கம் செய்தார்.

1868-ம் ஆண்டு அக்டோபரில் பாஸ்டருக்குப் பக்கவாதம் கண்டது. வயது நாற்பத்தைந்து, என் வயதை ஒத்தவர். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பிழைக்கமாட்டார் என்றே பலரும் எண்ணினார்கள். அவரோ படுக்கையில் கிடந்தபடியே ஆராய்ச்சிக் குறிப்புச் சொல்லி எழுதச் செய்தார். சில மாதத்தில் காலை இழுத்துக்கொண்டு மறுபடியும் பட்டுப்புழுவிடம் போனார். நோயுள்ள அந்துப்பூச்சியின் முட்டையை விலக்கி, நோயற்றதன் முட்டையை மட்டும் வளர்க்கும் முறையை ஊராருக்குக் கற்றுக் கொடுத்தார். ஒரு கிருமி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படித் தொற்றுகிறது என்பதை அந்தச் சிறு புழுக்களிடந்தான் அவர் படித்தார். இதற்குப் பின் அவர் உலகத்துக்குச் செய்ததெல்லாம் வாதத்தால் பலமிழந்த இடது கையோடு செய்தவை.

கழுவாத கைகள்

அக்காலத்தில் மருத்துவமனைக்குப் பிரசவத்துக்குப் போன தாய்மார் பலர், பிள்ளை பெற்ற சில நாளில் கடும் காய்ச்சலும் வயிற்றுவலியும் குளிர் நடுக்கமும் கண்டு இறந்தார்கள். வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-ம் ஆண்டிலேயே, பிணச் சோதனை செய்த கையைக் குளோரின் கலந்த நீரில் கழுவாமல் பிரசவ அறைக்குள் நுழையக்கூடாது என்று விதித்து, சாவை வெகுவாகக் குறைத்தார். ஆனால் காரணத்தை அவரால் நிரூபிக்க முடியவில்லை, பலர் ஏற்கவுமில்லை.

1879-ம் ஆண்டு பாரீசு மருத்துவக் கழகத்தில் ஒரு பெரிய வைத்தியர் இந்தப் பிரசவக் காய்ச்சலைப் பற்றி நெடும் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். பாஸ்டர் குறுக்கிட்டு, காய்ச்சலைத் தாய்க்குத் தாய் கொண்டு போகிறவர்கள் மருத்துவரும் தாதியருமே என்று சொல்லி, கரும்பலகைக்கு நொண்டிச் சென்று, மணி கோத்ததுபோன்ற ஒரு கிருமியின் படத்தை வரைந்து காட்டினார். அதைத்தான் இன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்கிறோம். பெரியவர்கள் கூடிய சபையில், உங்கள் கையே காரணம் என்று சொல்லத் துணிவு வேண்டும். அவருடைய ஆராய்ச்சியைப் படித்து ஸ்காட்லாந்தில் லிஸ்டர் என்ற அறுவை வைத்தியர் கார்பாலிக் திராவகத்தால் புண்களைச் சுத்தம் செய்து எத்தனையோ உயிர்களைக் காத்தார்.

பாஸ்டர் தம் சொந்த வாழ்விலும் இதைக் கடுமையாக அனுசரித்தார். விருந்துக்குப் போனால் தட்டையும் கண்ணாடித் தம்ளரையும் துடைத்துத் துடைத்துப் பார்ப்பார். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துச் சோதிப்பார். கைகுலுக்க யாரேனும் வந்தால் தயங்குவார். விருந்து வைத்தவர்களுக்கு வருத்தந்தான்!

பலமிழந்த கிருமியே காவல்

இங்கிலாந்தில் ஜென்னர் 1796-ம் ஆண்டில் பசு அம்மைப் பாலைக் குத்தி வைசூரியைத் தடுத்திருந்தார். அதற்கு மேல் வேறு வியாதிக்குத் தடுப்பூசி உண்டாக்க யாருக்கும் வழி தெரியவில்லை. 1879-ல் பாஸ்டர் கோழிக்காலராவை ஆராய்ந்தபோது, நெடுநாள் கிடந்து பழசான கிருமியைக் குத்திய கோழிகள் சாகாமல் பிழைத்தன. அவற்றுக்கே பிறகு வீரியமுள்ள கிருமியைக் குத்தினார்கள், அப்போதும் சாகவில்லை. பலமிழந்த கிருமி உடலுக்குப் பகைவனை அடையாளம் காட்டிக் கொடுக்கிறது என்று கண்டுகொண்டார். இன்று நம் பிள்ளைகளுக்குப் போடும் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் போலியோ சொட்டு மருந்துக்கும் இதுவே ஆதாரம்.

1881-ம் ஆண்டு மே மாதம் பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில், அடைப்பான் நோய்க்கு அவர் செய்த தடுப்பூசியை ஊரறியச் சோதித்தார்கள். 24 ஆடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 24 ஆடுகளுக்குப் போடவில்லை. மே 31-ந் தேதி எல்லாவற்றுக்கும் கொடிய கிருமியைக் குத்தினார்கள். ஜூன் 2-ந் தேதி ஜனங்கள் கூடிப் பார்த்தபோது, ஊசி போட்ட ஆடுகள் மேய்ந்துகொண்டு நின்றன. போடாதவற்றில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. மீதியும் அன்று மாலைக்குள் செத்தன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பாஸ்டர் குறையில்லாதவர் அல்லர். பிடிவாதக்காரர்; போட்டியாளரை மதிக்காமல் பேசுவார். அன்று அந்த ஆடுகளுக்குப் போட்ட மருந்து, அவர் வெளியே சொல்லி வந்த முறைப்படி செய்தது அல்ல. அவருடைய உதவியாளர் ஷாம்பர்லான் வேறு முறையில் செய்தது என்பது, பிற்காலத்தில் அவருடைய குறிப்பேடுகளைப் படித்தவர்களால் தெரியவந்தது. ஆடுகள் பிழைத்தது உண்மை. சொல்லவேண்டியதை முழுவதும் சொல்லாததும் உண்மை. பெரியோரின் வரலாற்றைப் படிக்கும்போது இரண்டையும் அறிந்துகொள்வதே நல்லது.

1883-ம் ஆண்டு எகிப்தில் காலரா பரவியபோது, தம் சீடர்களை அங்கே ஆராய அனுப்பினார். அவர்களில் துயிலியே என்ற இருபத்தேழு வயது வாலிபன் அலெக்சாந்திரியாவில் அதே காலராவுக்குப் பலியானான். பாஸ்டரோடு ஓயாமல் வாதாடி வந்த ஜெர்மானிய அறிஞர் கோக் அப்போது அங்கே இருந்தார். பகைமையை மறந்து அந்தப் பிள்ளையின் அடக்கத்துக்கு வந்து நின்றார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் அதே கோக்தான் காலராவுக்குக் காரணமான கிருமியை உறுதிப்படுத்தினார்.

வாந்திபேதி என்று நம் பாட்டிமார் நடுங்கிய காலரா, அரிசி களைந்த நீர் போன்ற பேதியாகக் கொட்டும். கண் குழிவிழும், நாக்கு வறளும், கெண்டைக்கால் இழுக்கும், சிறுநீர் நின்றுவிடும். சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். உயிரைக் கொண்டுபோவது முக்கியமாக நீர் இழப்பு. ஆகையால் எந்தப் பேதியானாலும், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். தண்ணீர் கொடுத்தால் பேதி கூடும் என்று பட்டினி போடுவது பெரும் தவறு.

அல்சாஸிலிருந்து வந்த தாய்

சிறுவயதில் கண்ட ஓநாயை மறக்காத பாஸ்டர் கடைசியில் வெறிநோயை எடுத்துக்கொண்டார். அதன் கிருமியை அவர் ஒருநாளும் பார்க்கவில்லை. அது வைரஸ் என்னும் மிகச் சிறிய வகை. அன்றைய பூதக்கண்ணாடி எதற்கும் தெரியாது. காணாத பகைவனோடு அவர் போராடினார். வெறிநோயால் செத்த முயலின் முதுகுத்தண்டு நரம்பைக் குப்பியில் தொங்கவிட்டு உலர்த்தினால், நாளுக்கு நாள் விஷம் குறைகிறது என்று கண்டார். கடிபட்ட பின்னும் வியாதி மூளைக்குப் போய்ச் சேரச் சில வாரங்கள் பிடிப்பதால், அதற்குள் உடலைத் தயார்ப்படுத்தலாம் என்று எண்ணினார். நாய்களிடம் சோதித்தார். மனிதரிடம் சோதிக்கக் கை நடுங்கியது.

1885-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, அல்சாஸ் நாட்டிலிருந்து ஒரு தாய் தன் ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு பாரீசுக்கு வந்து நின்றாள். பையன் பெயர் ஜோசப் மைஸ்டர். இரண்டு நாளைக்குமுன் வெறிநாய் அவனைப் பதினான்கு இடத்தில் கடித்திருந்தது. நடக்கவும் முடியாமல் நொண்டினான். பாஸ்டர் இரண்டு மருத்துவர்களைக் கலந்தார். விட்டால் சாவான் என்று இருவரும் சொன்னார்கள். பாஸ்டருக்கு ஊசி போட உரிமை இல்லை. மருத்துவர் கிராஞ்சே ஊசி போட்டார். முதலில் மிகவும் உலர்ந்து விஷம் அடங்கியது, பின் சிறிது சிறிதாக வீரியம் கூடியது. இப்படிப் பதினொரு நாளில் பதின்மூன்று ஊசி. பையன் முயலோடும் கோழியோடும் விளையாடிக்கொண்டிருந்தான். பாஸ்டருக்கோ இரவில் தூக்கமில்லை. கடைசி ஊசி மிகக் கொடிய வீரியமுள்ளது. தன் பிள்ளைகளைப் புதைத்த அந்தத் தகப்பன் வேறொரு தாயின் பிள்ளையை என்ன செய்துவிட்டோமோ என்று எத்தனை இரவு புரண்டிருப்பார்! பையன் பிழைத்தான். வளர்ந்து பெரியவனாகிப் பாஸ்டர் நிலையத்திலேயே காவலராக வேலை பார்த்தான்.

ஆனால் எல்லோரும் பிழைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் லூயிஸ் பெல்த்தியே என்ற பத்து வயதுச் சிறுமியைக் கொண்டுவந்தார்கள். தலையில் கடி, கடித்து முப்பத்தேழு நாள் ஆகிவிட்டது. பலிக்காது என்று அறிந்தும், பெற்றோர் கண்ணீரைக் கண்டு பாஸ்டர் சிகிச்சை செய்தார். டிசம்பர் தொடக்கத்தில் அவள் இறந்தாள். அவள் கையைப் பிடித்தபடி படுக்கையருகே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இந்தச் சிறுமியை நீங்கள் மறக்கக்கூடாது. அவளைத் தோற்கடித்தது அந்தத் தாமதம்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு பையனை நாய்க்குட்டி லேசாகப் பிராண்டிவிட்டது. சுண்ணாம்பு தடவி விட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர்ச் சொம்பைக் கண்டதும் அவன் தொண்டை இழுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் நாள் அடக்கம். இன்றும் நோயாளிகளைச் சந்திக்கப் போகிற வீடுகளில், கடித்த இடத்தில் மிளகாய்ப் பொடியும் காப்பித் தூளும் அப்பியிருப்பதைக் காண்கிறேன்.

ஆகவே கவனமாகக் கேளுங்கள். நாயோ பூனையோ குரங்கோ கடித்தாலும், பிராண்டினாலும், புண்ணை நக்கினாலும், உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இனி வேண்டாம். இப்போது சில ஊசிகளே, அதுவும் கையில். ஆழமான கடிக்குப் புண்ணைச் சுற்றி இன்னொரு மருந்தும் போடுவார்கள். குறித்த நாள் எதையும் தவறவிடாதீர்கள். வீட்டு நாயே ஆனாலும் அசட்டை வேண்டாம். கடித்த இடத்தில் ஊறல், காய்ச்சல், கலக்கம், தண்ணீரைக் கண்டால், காற்றுப் பட்டால்கூடத் தொண்டை இழுப்பு என்று அடையாளம் தெரியத் தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கடைசி நாட்கள்

உலகெங்குமிருந்து சேர்ந்த நன்கொடையால் 1888-ம் ஆண்டு நவம்பரில் பாரீசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் தேசத்தில் 1900-ம் ஆண்டில் வடக்கே கசௌலியிலும், 1907-ம் ஆண்டில் நம் நீலகிரியிலுள்ள குன்னூரிலும் அவர் பெயரால் நிலையங்கள் தோன்றின. நாய்க்கடிபட்டவர்கள் மலையேறிக் குன்னூருக்குப் போன கதையை உங்கள் வீட்டு முதியோரும் கேட்டிருக்கலாம்.

1892-ம் ஆண்டு அவருடைய எழுபதாவது பிறந்த நாளைப் பாரீசில் பெருவிழாவாகக் கொண்டாடினார்கள். லிஸ்டர் கடல் கடந்து வந்து வாழ்த்தினார். 1895-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, பாரீசுக்கருகே வில்நேவ் லெத்தாங் என்ற இடத்தில், ஒரு கை மனைவியின் கைக்குள்ளும் மறு கையில் பாடுபட்ட சுரூபமுமாக அவர் கண்மூடினார். நோத்ருதாம் தேவாலயத்தில் அடக்கச் சடங்கு நடந்தது. அவருடைய உடல் பாஸ்டர் நிலையத்தின் அடியிலுள்ள கல்லறையில் இளைப்பாறுகிறது.

அவர் இரண்டு மகள்களைக் கொண்டுபோன டைபாய்டுக்கு இன்று மருந்தும் உண்டு, தடுப்பூசியும் உண்டு. வைசூரி பூமியை விட்டே ஒழிந்தது என்று 1980-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தத் தகப்பனுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளாமல் இருப்பது நம் குற்றமாகும்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் உங்கள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்து விரித்துப் பாருங்கள். ஏதேனும் கட்டம் வெறுமையாக இருந்தால், நாளைக் காலையில் சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். படிக்கத் தெரியாத அயலார் இருந்தால் அவர்களுடைய அட்டையையும் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குருவானவர்